தனிச் சட்டியில் கலந்த மாவு

போன மாதம் விடுதியிலிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது சமையல் பொறுப்பில் இருக்கும் லதா என்ற பெண் பேசினாள். நான் அவளை நேரில் பார்த்ததில்லை. போர்ட் பிளேயர் அபர்டீன் பஜாரில் புதிதாக வந்திருக்கும் காபிக் கடைகளில் கோதுமை சேர்க்காத மஃபினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களாம். விடுதி ஆண்டு விழாவுக்கு அதையே போடச் சொல்லி விடுதியை நடத்தும் டிரஸ்டில் ஆசைப்படுகிறார்களாம்.

"அக்கா, நீங்க அரிசி மாவுல போடுவீங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்க. அளவு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள்.

சொன்னேன். மறைக்க அதில் ஒன்றும் இல்லை. கேட்டு முடித்ததும், "இவ்ளோ ஈசியா இருக்கே, அப்புறம் ஏன்க்கா நிறுத்திட்டாங்க?" என்று கேட்டாள்.

"சிலிண்டர் வந்திருக்கும்மா, பிறகு பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சிலிண்டர் எதுவும் வரவில்லை. அவளிடம் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். நான் கல்யாணமாகி, போர்ட் பிளேயர் பக்கம் சௌல்தாரிக்கு வந்தேன். கணவர் பஸ் ஓட்டினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு போர்ட் பிளேயரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனேன். அங்கேயே பேக்கரிப் பக்கம் மாவு சலிக்கக் கூப்பிட்டார்கள். சலித்தவள் கலக்கவும், கலக்கியவள் சுடவும் கற்றுக்கொண்டேன். அந்த ஹோட்டல் கைமாறியபோது பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் ஒரு டிரஸ்ட் நடத்திய பெண் பிள்ளைகள் விடுதிக்குச் சமையல்காரியாகப் போனேன். ரங்கத், மாயாபந்தர், ஹட்பே, பாராடாங் என்று தூரத்திலிருந்து டவுனுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். நாற்பது பேர் இருப்பார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். ஓய்வு என்பது அவர்கள் சொன்ன வார்த்தை.

விடுதியின் வார்டன் வசந்தா மேடம். மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றிக் கசப்பில்லாமல் பேச எனக்கு இன்றைக்கும் வரவில்லை. ஆனாலும் பொய்யாக எதையும் எழுதக் கூடாது. நான் பார்த்த மேலதிகாரிகளிலேயே நேர்மையானவர் அவர்தான்.

ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் அடுப்படிக்கு வருவார். உள்ளங்கையை நீட்டுவார். சாம்பாரில் ஒரு சொட்டு, கூட்டில் ஒரு துளி என்று நான் விட வேண்டும். நக்கிப் பார்த்துவிட்டு, "சரி, மா" என்பார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். அடியில் மிஞ்சியது எதுவோ அதுதான் அவருக்கு. சாப்பிட்ட தட்டை அவரே கழுவுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் தணிந்து பேசுவார். அந்தத் தணிந்த குரலில் "மல்லிகா மா" என்று அவர் கூப்பிட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பேன்.

விடுதியில் அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. தனித் தட்டு, தனிச் சட்டி, தனிச் சாப்பாடு யாருக்கும் கிடையாது. ஒரு காண்ட்ராக்டர் தன் மகளுக்கு மட்டும் தினமும் டிபன் கேரியர் அனுப்பினார். மேடம் அதை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். காட்டு வேலைக்கு வந்து குடியேறிய ராஞ்சிக்காரப் பழங்குடிகளின் பிள்ளைகளோடு உட்கார மாட்டோம் என்று இரண்டு பெண்கள் தள்ளி உட்கார்ந்தபோது, தன் தட்டோடு போய் அந்த ராஞ்சிப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் அந்த இரண்டு பேரும் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு விடுமுறையில் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். மேடமும் நானும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது அவராகச் சொன்னார்.

"நான் படிச்ச ஹாஸ்டல்ல எனக்கு மட்டும் தட்டு தனி, மா. டம்ளர் தனி. கழுவி வெளிய ஜன்னல்ல கவுத்து வைக்கணும். மழை பெஞ்சா அதுல தண்ணி தெறிக்கும். அந்தத் தட்டுலதான் ஏழு வருஷம் சாப்பிட்டேன்."

நான் அடுத்த கைப்பிடி பீன்ஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பீன்ஸை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

இனி மஃபின். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுதியில் மஃபின் உண்டு. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கேஸ் ஓவன் ஒன்று இருந்தது. அதை வீணாக்காமல் நான்தான் இந்த வழக்கத்தை ஆரம்பித்தேன். பிள்ளைகள் கப் கேக்கு என்பார்கள்.

அதில் வித்தை ஒன்றும் கிடையாது. இரண்டு டம்ளர் மைதா, முக்கால் டம்ளர் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. இவை ஒரு பாத்திரத்தில். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய். இவை இன்னொரு பாத்திரத்தில். ஈரத்தை உலர்ந்ததில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து புரட்ட வேண்டும். வெள்ளை மாவு கண்ணுக்கு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கட்டி இருந்தால் இருக்கட்டும். அழகாக வரட்டும் என்று அடித்துக் கலக்கினால் மாவு இழுபட்டு மஃபின் ரப்பராகிவிடும். கப்பில் முக்கால் பாகம் ஊற்றி, நல்ல சூட்டில் வைத்து, குச்சி குத்தினால் ஒட்டாமல் வரும்போது எடுத்துவிடலாம்.

மற்றதெல்லாம் கையில் இருப்பதைப் பொறுத்தது. காற்றழுத்தம் என்று கப்பல் தள்ளிப்போனால் எங்கள் தீவில் முதலில் காணாமல் போவது பாலும் முட்டையும். பாலுக்குத் தேங்காய்ப் பால் ஊற்றினேன். முட்டைக்குக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டேன். சர்க்கரை குறைந்தால் வெல்லம். பூசணி, அன்னாசி, ஏலக்காய், எங்கள் வீட்டு ஜாதிக்காய் என்று எதைச் சேர்த்தாலும் அந்த மாவு கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் மாற்றினேன், மைதாவை மட்டும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் வந்ததில்லை, சுகந்தி வரும் வரை.

சுகந்தி பாராடாங்கிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கு வந்தாள். அப்பா பாக்குத் தோட்டக்காரர், அம்மா இல்லை. லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்று சயின்ஸ் எடுத்திருந்தாள். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. பார்த்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை என்பீர்கள். உதடு வெளுத்திருக்கும். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். பூரி போட்ட நாளில் இரண்டு நாள் படுத்துவிடுவாள்.

"பரீட்சை பயம்" என்றார்கள். "வீட்டு ஞாபகம்" என்றார்கள். வருஷ விடுமுறையில் அவள் அப்பா கப்பலேற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனார். அங்கே ரத்தம் எடுத்து, வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று ஒரு நோயைச் சொன்னார்கள். கோதுமை ஆகவே ஆகாது. கோதுமை, மைதா, ரவை எது ஒரு துளி உள்ளே போனாலும் குடலை அரித்துவிடும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கத் தொடாமல் இருப்பதுதான் மருந்து.

விடுதிக்குத் திரும்பியபோது அப்பாவும் கூட வந்து டாக்டர் சீட்டை மேடத்திடம் கொடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். கோதுமை தொடாத பாத்திரம், கரண்டி, தோசைக்கல் இவளுக்குத் தனியாக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவர் சொன்னார். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

மேடம் சீட்டைப் படித்து மடித்து ஃபைலில் வைத்தார்.

"சப்பாத்தி போடற நாள்ல இவளுக்குச் சோறு வச்சிடுங்க, மல்லிகா மா. அது போதும். தனிச் சட்டி மட்டும் வேண்டாம்."

"மேடம், ஒரே கரண்டி பட்டாலே ஆகாதுன்னு எழுதியிருக்கே" என்றேன்.

"டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு பிள்ளைய ஒதுக்கி வச்சா அது மனசு என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

சுகந்தியின் அப்பா கைகட்டி நின்றார். "நீங்க பாத்து செய்ங்கம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். மகள் நகரத்தில் படிப்பதே பெரிது என்று நினைத்த மனிதர்.

நான் வீட்டிலிருந்து ஒரு சின்ன அலுமினியச் சட்டி கொண்டுபோனேன். சாம்பாரில் பெருங்காயம் போடுவதற்கு முன்னால் அவளுக்கு அதில் எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் மேடம் பார்த்துவிட்டார். சட்டியைக் கழுவித் துடைத்து என் பையில் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க, மா" என்றார்.

அதற்குப் பிறகு சட்டி இல்லாமலே, எல்லாருக்கும் முன்னால் முதலில் அவளுக்கு எடுத்துக்கொடுத்து, முடிந்தவரை பார்த்துக்கொண்டேன். ஆனால் நாற்பது பேருக்குச் சப்பாத்தி தேய்க்கும் அடுப்படியில் எவ்வளவு பார்க்க முடியும்? மாவு காற்றிலேயே மிதக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் பார்க்கச் சகிக்காது. எல்லாப் பிள்ளைகளும் மஃபினை வாங்கிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடுவார்கள். இவளும் கூடப் போவாள். கையில் ஒன்றும் இருக்காது. "எனக்கு இனிப்பு பிடிக்காதுக்கா" என்று என்னிடமே சொன்னாள். ஓவன் திறக்கும்போதெல்லாம் அவள் அடுப்படி ஜன்னல் பக்கம் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அரிசி மாவில் செய்து பார்க்கலாம் என்று வீட்டில் இருந்த சின்ன ஓவன் முன்னால் உட்கார்ந்தேன். மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு அரிசி மாவைப் போட்டதில் கருங்கல் வந்தது. பாலைக் கூட்டினேன், மேலே வெடித்து உள்ளே களியாக இருந்தது. சூடாக இருக்கும்போது சரியாக வந்ததுபோல் தோன்றியது, ஆறினதும் மணலாக உதிர்ந்தது. மைதாவில் இருக்கிற பிசின் அரிசியில் இல்லை. அந்தப் பிசினுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பிழிந்து, அடியில் தங்கும் வெள்ளை மாவைக் காயவைத்து எடுத்தேன். மூன்று பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு மரவள்ளி மாவு. கூட ஒரு முட்டை, நன்றாகக் கனிந்த வாழைப்பழம். கலந்ததும் ஓவனில் வைக்காமல் மூடி ஊறவிட வேண்டும், அரிசி மாவு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். மைதாவுக்குச் சொன்ன சட்டம் இங்கே தலைகீழ். எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், இழுபட அதில் ஒன்றும் இல்லை.

மாவு அரைக்க மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் கோதுமையைக் கொட்டினார். அதே கல், அதே பெல்ட், அதே துணிப்பை. அரிசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பினேன். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். புது அச்சு, புது கரண்டி, மடக்கில் கோதுமைத் துகள் இல்லாத புது சல்லடை. "வீட்ல ஒரு லேப் வச்சிட்டியா?" என்று கணவர் கேலி செய்தார். கடைசியில் ஒரு ஞாயிறு காலையில் மேலே பொன்னிறமாக, விண்டால் பஞ்சாக வந்தது.

அன்று அடுப்படிக்குப் பின்னால் சுகந்தியைக் கூப்பிட்டுக் கையில் வைத்தேன்.

"வேண்டாம்க்கா, ஒத்துக்காது."

"இதுல கோதுமை இல்ல புள்ள. எங்க வீட்டு மிக்ஸியில அரைச்சது. பயப்படாம சாப்புடு."

முகர்ந்தாள். ஓரத்தை மட்டும் கடித்தாள். பிறகு முழுசையும் இரண்டே வாயில் போட்டுக்கொண்டாள். விரலை நக்கிவிட்டு, "நாளைக்கு வயிறு ஒண்ணும் பண்ணலேன்னா இன்னொண்ணு தருவீங்களா?" என்றாள்.

வயிறு ஒன்றும் செய்யவில்லை.

வாரம் தவறாமல் ஒரு எவர்சில்வர் டப்பாவில் அவளுக்குக் கொண்டுபோனேன். சில மாதங்களில் உதட்டில் ரத்தம் தெரிந்தது. படியில் நிற்காமல் ஏறினாள். என்னைத் தாண்டி ஓடும்போது "மல்லிகாக்கா" என்று முதுகில் தட்டிவிட்டு ஓடினாள்.

ஒரு ஞாயிறு, வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது மேடம் அந்த டப்பாவைப் பார்த்தார்.

"இது என்ன, மா?"

"சுகந்திக்கு, மேடம். அரிசி மாவுல செஞ்சது."

"தட்டுல வைங்க."

வைத்தேன். மைதா மஃபின் இருந்த அதே தட்டு. மேடம் கத்தியை எடுத்தார். அந்தச் சின்ன மஃபின்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். கட்டை விரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டு, வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைத்தார். ஷீலா என்று மாயாபந்தர் பெண் ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள்.

"மேடம், எனக்கு வேண்டாம். அவளுக்கே குடுங்க. அவளால மத்தது சாப்பிட முடியாது."

"வாங்கிக்கோ மா. பங்கு போட்டுச் சாப்பிடறதுதான் இந்த வீட்டு வழக்கம்."

சுகந்தியின் முறை வந்தது. அவளுக்கும் ஒரு துண்டு. வாங்கிக்கொண்டு "தேங்க் யூ மேடம்" என்றாள். அந்தத் துண்டில் மைதா மஃபினின் பொடி ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். கையை மூடிக்கொண்டு போனாள். பிறகு குழாயடியில் அது கரைந்து கிடந்தது.

அன்றைக்கு மேடத்தின் முகத்தில் கோபமே இல்லை. நல்ல காரியம் செய்த முகம். அதுதான் என்னை அதிகமாகக் கொளுத்தியது. அடிக்கிறவரைத் தடுக்கலாம், நல்லது செய்கிறவரை என்ன செய்வது?

அதன் பிறகு டப்பாவை உள்ளே கொண்டுபோகவில்லை. சுகந்தி பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் நான் இறங்கும்போது கையில் கொடுத்துவிடுவேன். நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவாள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியது. விடுதியில் அந்த மாதம் பிறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுவார்கள். அந்த மாதத்தில் சுகந்தியும் இருந்தாள். மேடம் சொன்னபடி நான் மைதாவில் மஃபின் சுட்டு, மேலே கிரீம் வைத்துக் கொடுத்தேன். அவள் சும்மா நின்று கைதட்டுவாள் என்று நினைத்தேன்.

மேடம் ஒரு மஃபினை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். தலையைத் தடவினார்.

"எத்தனை நாளைக்கு இப்படிப் பயந்துகிட்டே இருப்ப? பயம்தான்டா கண்ணு உன் நோய். இப்போ பாரு, எவ்ளோ தெளிவா இருக்க. ஆ காட்டு."

"மேடம், வேண்டாம் மேடம், அவளுக்கு ஆகாது" என்று நான் அடுப்படி வாசலிலிருந்து சத்தம் போட்டேன்.

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. "அம்மா இருந்தா ஊட்ட மாட்டாங்களா? நான் ஊட்டறேன்."

பிள்ளைகள் ஹாப்பி பர்த்டே பாடத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது பேர் கைதட்டல். சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள். மேடத்தின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் வாயைத் திறந்தாள்.

என் கையால் கலந்து, என் ஓவனில் சுட்டது அது.

வாந்தி அன்றே ஆரம்பித்தது. பிறகு பேதி. குளியலறையில் விழுந்து கிடந்தவளை ஷீலாவும் நானும்தான் தூக்கிவந்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் தேறியிருந்த உடம்பு ஒரு வாரத்தில் பழையபடி ஆனது. மேடம் ராப்பகலாகக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வெளிய எதையோ சாப்பிட்டிருக்கா" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சை தொடங்கியது. இவள் எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது.

அவள் அப்பா வந்தார். பெட்டியை எடுத்து வைக்கும்போது என்னிடம், "நீங்க செஞ்சதெல்லாம் பாப்பா சொல்லிச்சும்மா. ஆனா இனிமே இங்க விட மாட்டேன்" என்றார்.

"அடுத்த வருஷம் பரீட்சை எழுத வைங்கண்ணே. மார்க் எடுக்கற புள்ள. எங்க வீட்ல தங்கட்டும், நான் பாத்துக்கறேன்."

"பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' எப்படிப்பட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

டிரஸ்டில் விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வயதான வியாபாரி, ஹிந்தியில் கேட்டார். வீட்டிலிருந்து தின்பண்டம் கொண்டுவந்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது உண்டா, இல்லையா?

"உண்டு. அதுல அவளுக்கு ஒண்ணும் ஆகல. உடம்பு தேறிச்சு. பர்த்டே அன்னிக்கு ஊட்டினதுதான் கெடுத்துச்சு. டாக்டர் சீட்டு ஃபைல்லதான் இருக்கு, எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "இதில் மஃபின் என்று எங்கேயும் எழுதவில்லையே" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

மேடத்தைக் கேட்டார்கள். அவர் என்மேல் பழி போடவில்லை என்று சொல்ல முடியாது, வேண்டுமென்றே போட்டார் என்றும் சொல்ல முடியாது. "மல்லிகா நல்லவங்க. பாசத்துல செஞ்சிட்டாங்க. ஆனா வீட்டுச் சாப்பாடு உள்ள வந்ததாலதான் இது நடந்தது" என்றார். அதை அவர் மனசார நம்பினார்.

"நீங்க ஊட்டினீங்களே மேடம்" என்றேன்.

"நாப்பது பிள்ளையும் அதைத்தானே சாப்பிட்டாங்க, மா? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றார்கள். எனக்கு இன்னும் வேலை செய்யத் தெம்பு இருந்தது. பிரிவு உபசாரம் வைத்து, மேடம் கையாலேயே சால்வை போட்டார்கள். "உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது, மா" என்று காதோரம் சொன்னார். எனக்கு அந்தச் சால்வையை அங்கேயே உதறிவிட்டு வர வேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டிருந்ததால் அதைப் போர்த்தியபடியே வந்தேன். பிறகு அவரும் ஓய்வு பெற்று மெயின்லேண்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

லதா அளவு கேட்டுப் போன் செய்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுகந்திக்குக் கல்யாணமாகி, பாராடாங் ஜெட்டி பக்கத்திலேயே இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். அரிசி மாவில் ஒரு ஈடு சுட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஜிர்காடாங்கில், பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, காட்டைத் தாண்டி, படகில் அக்கரை போய் இறங்கினேன். சுண்ணாம்புக் குகை பார்க்க வந்த டூரிஸ்ட் கூட்டம் ஜெட்டி முழுக்க நின்றது.

பெயரைச் சொல்லிக் கேட்டதும் ஒரு டிபன் கடையைக் காட்டினார்கள். வாசலில் பெரிய கல்லில் பரோட்டா வெந்துகொண்டிருந்தது. உள்ளே, முழங்கை வரை மைதா அப்பிய கையோடு மாவு பிசைந்துகொண்டிருந்தாள் சுகந்தி.

"மல்லிகாக்கா!"

ஓடிவந்தாள். தொடப் போனவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இருங்கக்கா, கழுவிட்டு வர்றேன்." சோப்புப் போட்டு, நகத்துக்குள் பிரஷ் விட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். பழைய ஒல்லி உடம்புதான். ஆனால் முகம் மோசமாக இல்லை.

"என்ன புள்ள இது? இந்த மாவுக்குள்ளயா உக்காந்திருக்க?"

"மாமியார் கடைக்கா. வீட்டுக்காரருக்குக் கல்லு, எனக்கு மாவு. டூரிஸ்ட் பூரியும் பரோட்டாவும்தானே கேக்கறான்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ற? நோயப் பத்தி இவங்களுக்குத் தெரியுமா?"

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமியார் பின்கட்டில் இருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

"நோயின்னு சொன்னா இங்க நிக்க முடியுமாக்கா? வேண்டுதல்னு சொல்லிட்டேன். அம்மா செத்தப்போ கோதுமை தொட மாட்டேன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டேன், ஆயுசுக்கும் தொடக் கூடாதுன்னு. மாமியார் ஒரு வார்த்தை கேக்கல. அவங்களே அபர்டீன் பஜார் போயி எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அடுப்பு வாங்கியாந்தாங்க. அதை யாரும் தொட விட மாட்டாங்க. தீட்டாயிடுமாம்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை, விசாரணையில் நான் சொன்ன நிஜம் எல்லாம் சேர்ந்தும் ஒரு அலுமினியச் சட்டியை அவளுக்கு வாங்கித் தர முடியவில்லை.

"பரீட்சை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் விட்டாச்சுக்கா" என்றாள்.

மாமியார் முன்கட்டுக்கு வந்தார். நல்ல உழைப்பாளி என்று பார்த்ததுமே தெரியும் முகம். விடுதியில் சமைத்த அக்கா என்று சுகந்தி சொன்னதும் "டீ போடு, அச்சா டீயா போடு" என்று மகனிடம் சொன்னார். என் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்து, "என்னம்மா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

சுகந்தி என் முகத்தையே பார்த்தாள்.

"விரதக் கேக்குங்க" என்றேன். "வேண்டுதல் இருக்கிறவங்க சாப்பிடறது. மத்தவங்க தொடக் கூடாது."

மாமியார் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய், சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

ஜெட்டியில் படகு வந்து நின்றது. ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. சுகந்தி ஒரு துணியை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அடுத்த மைதா மூட்டையைப் பிரித்தாள்.